சிபிபி1ங்கிற ஈஸ்ட் புரோட்டீன் பத்தி நீ கேட்டதுக்கு

மாப்ளே,

நல்லாருக்கியா? அம்மாவுக்கு முட்டுவலி பரவால்லயா? இங்கன நல்ல சாரல், குத்தாலம் கூட்டிட்டுப் போங்கன்னு பிள்ளைக ஒரே அடம்.

செல்லுக்குள்ள சக்தி செய்யிற மைட்டோகாண்ட்ரியாவுக்குத்தான் சொந்த டிஎன்ஏ இருக்கே, அப்புறம் எதுக்கு நியூக்ளியஸ் (செல்லோட கரு) தயவுன்னு கேட்டேல்லா, அது மண்டையிலயே நிக்கி. ஈஸ்ட்டையே எடுத்துக்க, அதோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏல முக்கியமா 8 புரோட்டீனுக்குத்தான் ஜீன் இருக்கு, மத்தது எல்லாம் வெளிய செஞ்சு உள்ள வாரது. சரி அந்த எட்டு மட்டுமாவது தன்னால நடக்கும்னு பாத்தா அதுவும் கெடையாது, அந்த எட்டுல ஒண்ணான சைட்டோக்ரோம் பி புரோட்டீனுக்கு எம்ஆர்என்ஏ (அதச் செய்யிறதுக்கான ஜீனோட நகல்) உள்ளயேதான் உருவாகுது, ஆனா நியூக்ளியஸ் ஜீன்ல இருந்து வார சிபிபி1 புரோட்டீன் இல்லன்னா அது தங்காது, 5' முனையில (அதாவது தலைப் பக்கம்) இருந்து அரிச்சிப் போயிரும். பத்தமடைப் பாய்க்கு ஓரம் கட்டாம விட்டா கோரை ஒண்ணொண்ணா உருவிட்டு வந்துரும்லா, அது மாதிரிதான். அந்த முனைப் பக்கம் சிசிஜின்னு மூணே ஆர்என்ஏ எழுத்து, அது மாறிட்டா சிபிபி1 இருந்தும் காப்பாத்த முடியாது! 3' பக்கம் (வால் பக்கம்) ஆர்எம்டி9னு இன்னொரு புரோட்டீன் பாத்துக்குது, அது அனேகமா எல்லா எம்ஆர்என்ஏக்கும் பொது.

சிபிபி1 ஜீன 1982லயே டீக்மேன், ட்சாகோலாஃப்னு விஞ்ஞானிக எல்லாம் சேந்து கண்டுபிடிச்சிட்டாங்க. லேப்ல அது இல்லாத ஈஸ்ட்ட வளத்துப் பாத்தேன், குளுக்கோஸ் தட்டுல கடுகுல பாதி சைசுக்கு வெள்ளை வெள்ளையா புள்ளி, கிளிசரால் தட்டுல சுத்தமா ஒண்ணும் இல்ல, ஏன்னா கிளிசரால வச்சுப் பொழைக்கணும்னா மூச்சு விட்டே ஆகணும் (ஆக்சிஜன வச்சு சக்தி எடுக்கணும்), சைட்டோக்ரோம் பி இல்லாம அது நடக்காது.

இப்ப நீ கேட்ட மெயின் கேள்வி, அரிக்கிறத நிறுத்திட்டா சரியாயிருமான்னு. அதையும் செஞ்சு பாத்துட்டாங்க மாப்ளே. அரிப்புக்குத் துணை போற பெட்127 ஜீனையும் சேத்து எடுத்துட்டா, சிபிபி1 இல்லாமலே எம்ஆர்என்ஏ நிக்கி. ஆனா செல்லுக்கு மூச்சு வரல, எம்ஆர்என்ஏ கெடக்கு, அதப் படிச்சு புரோட்டீன் செய்ய ஆளில்ல! டீக்மேன் குழு 2002ல இத எழுதுனாங்க, அதாவது சிபிபி1க்கு காவல் வேலை மட்டும் இல்ல, டிரான்ஸ்லேஷனுக்கும் (எம்ஆர்என்ஏவப் படிச்சு புரோட்டீன் செய்யிறதுக்கும்) அதுதான் வேணும். இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்வளவு சந்தோசம்.

நம்ம ஒடம்புலயும் இப்படி ஒரு புரோட்டீன் இருக்கு, எல்ஆர்பிபிஆர்சின்னு பேரு. அது கெட்டுப்போனா கனடாவுல கியூபெக் பக்கம் குழந்தைகளுக்கு லீ சிண்ட்ரோம்னு ஒரு கொடுமையான நோய் வருது. அதனாலதான் சொல்லுதேன், எம்ஆர்என்ஏ அளவ மட்டும் அளந்துட்டு சரியாயிட்டுன்னு சொல்லக்கூடாது, புரோட்டீன் வருதான்னும் பாக்கணும். நீ என்ன நெனைக்க? ஆடியில லீவு போட்டுட்டு வா, உக்காந்து பேசுவோம்.