புதிய காரின் முதல் ஒயில் மாற்றத்துக்கு மலைநாட்டுக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டதன் பின், மலையகத்தில் என்னைப் போன்ற பலர் லீசிங் தவணையில் முதன்முறையாக ஒரு புதிய காருக்கு உரிமையாளராகியிருக்கிறோம். அதன் எஞ்சினில் உள்ள முதல் ஒயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டபோது எனக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. எங்கள் டவுனிலுள்ள கராஜில் 500 கிலோமீற்றரிலேயே வடித்துவிடச் சொன்னார்கள். காரை விற்ற நிலையத்திலோ 10,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் வரை மூடியைத் திறக்கவே தேவையில்லை என்றார்கள். நான் இரண்டாவது பதிலை நம்பினேன்.

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் எனக்கு அன்றாட ஓட்டம் மிகக் குறைவு: காலையில் பிள்ளையைப் பாடசாலையில் விட மூன்று கிலோமீற்றர், மாலையில் அதே தூரம் திரும்ப. ஏழாம் மாதத்தில், கண்டிக்குப் புறப்படும் முன், ஒயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது, யாரும் ஒரு சொட்டும் ஊற்றாத ஒயில் மேல் குறியைத் தாண்டி நின்றது. குறையவில்லையே என்று முதலில் நிம்மதியடைந்தேன். முகர்ந்து பார்த்தபோதுதான் பெற்றோல் வாடை அடித்தது. அப்போது ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றர் 3,000 கிலோமீற்றரைக்கூட எட்டியிருக்கவில்லை.

குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் செலுத்தப்படுகிறது. அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியாக, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைக் கடந்து ஒயிலுக்குள் இறங்குகிறது. அதனுடன் ஈரமும் சேர்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால் இவ்விரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் பனி விழும் காலையில் மூன்று கிலோமீற்றரில் நிறுத்தப்படும் எஞ்சினுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. நீர்த்துப்போன ஒயில், ஏற்றத்தில் எஞ்சின் தண்டின் பாரத்தைத் தாங்கும் பேரிங்குகளைச் சரிவரக் காக்க வல்லதல்ல.

500 கிலோமீற்றர் என்ற ஆலோசனையும் ஆதாரமற்றதல்ல. மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய பிரித்தானியக் கார்களின் காலத்து எஞ்சின்களில் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து படியும்போது துகள்கள் மிகுதியாக உதிர்ந்தன. அவற்றை விரைவில் வடித்துவிடுவது அவசியமாக இருந்தது. இன்றைய சிலிண்டர்கள் தொழிற்சாலையிலேயே நுணுக்கமாக மெருகூட்டப்படுகின்றன. ஹொண்டா போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலையில் ஊற்றிய ஒயிலை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன. ஆகவே முதல் 1,000 கிலோமீற்றரில் ஒயிலைவிட ஓட்டும் விதமே முக்கியம்: அக்ஸிலேட்டரை முழுவதுமாக மிதிக்காமலும், நீண்ட நேரம் ஒரே வேகத்தில் செல்லாமலும் இருப்பது போதும்.

ஆனால் 10,000 என்ற எண் யாருடைய வீதியில் கணிக்கப்பட்டது என்பதே எனது கேள்வி. மணிக்கு சராசரியாக 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் 10,000 கிலோமீற்றரை ஏறக்குறைய 167 மணித்தியாலங்களில் முடித்துவிடுகிறது. தோட்டப் பாதையிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் சராசரி 20 கிலோமீற்றருக்கு மேல் போகாத எங்கள் கார், அதே 167 மணித்தியாலம் உழைத்து முடிக்கும்போது மீற்றரில் 3,300 அளவில்தான் காட்டும். சுமார் 1,200 மீற்றர் உயரத்திலுள்ள தலவாக்கலையிலிருந்து 1,868 மீற்றரிலுள்ள நுவரெலியாவுக்கு முதலாம் இரண்டாம் கியர்களில் ஏறும் உழைப்பை, தூரத்தை மட்டுமே எண்ணும் காரின் மீற்றர் காட்டுவதேயில்லை.

உற்பத்தியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஜப்பானியக் கையேடுகள் பலவற்றில் கடினமான பாவனை என்று ஒரு தனிப்பகுதியே உண்டு. ஓடும் தூரத்தில் 30 வீதத்துக்கு மேல் மலைப்பாதையாக இருப்பதும், ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றருக்குள் முடியும் ஓட்டங்களும் அதில் அடங்கும். அத்தகைய காருக்கு ஒயில் இடைவெளி பொதுவாகப் பாதியாகக் குறைகிறது, அதாவது 10,000 கிலோமீற்றர் 5,000 ஆகவும், ஒரு வருடம் ஆறு மாதமாகவும். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பொருத்திய 660 சிசி சிறிய கார்களுக்கு இது இன்னும் குறையும். மலையகத்தில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள் வருமென்றே நான் கருதுகிறேன்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரும் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீற்றரில் இருபது கிலோமீற்றரே காட்டும் கார், தயாரிக்கப்பட்டு பல மாதங்கள் யார்டிலும் கப்பலிலும் நின்றதாக இருக்கலாம். எஞ்சினில் ஒயில் ஊற்றப்பட்டது நமக்குச் சாவி கிடைத்த நாளிலல்ல, கார் தயாரானபோதே. ஒயில் மாற்றும் இடைவெளிகளைச் சொல்லும் கையேடோ முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கிறது.

எனவே விற்பனை நிலையங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: சாவியைக் கையளிக்கும்போது, காரின் தயாரிப்பு மாதத்தையும், ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் உரிய தரம் 0டபிள்யூ-20 ஆ 5டபிள்யூ-30 ஆ என்பதையும், சாதாரண பாவனைக்கும் கடினமான பாவனைக்குமான இரண்டு இடைவெளிகளையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாங்கும் நண்பர்களும் அந்தத் தாளைக் கேட்டுப் பெறாமல் கையொப்பமிட வேண்டாம். ஒயிலையும் பில்டரையும் மாற்றிய ரசீதுகளை அதனுடன் சேர்த்து வைத்திருந்தால், பின்னர் உத்தரவாதம் பற்றிய பேச்சு எழும்போது அதுவே உங்கள் சாட்சி.

இங்ஙனம்,
தலவாக்கலை வாசகர் ஒருவர்