இரக்கத்தோடு ஈடு செய்வதையும் போதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தின் மறையுரைகளிலும் தியான உரைகளிலும் இப்போதெல்லாம் இறைவனின் இரக்கமே முதலிடம் பெறுகிறது. நரக நெருப்பைக் காட்டி நடுங்க வைத்த பழைய பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல், எனக்கும் அப்படியே. ஆனால் அந்த இரக்கத்தோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டிய நீதி பல உரைகளில் இடம்பெறாமலே போவதைப் பற்றி, குருவோ துறவியோ அல்லாத கத்தோலிக்கப் பொதுநிலையினர் ஒருவர் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

திருஅவையின் போதனையில் இந்தக் குறை இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் யூபிலி என்னும் சிறப்புப் புனித ஆண்டை அறிவித்த மடலிலேயே, நீதியும் இரக்கமும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல, ஒரே உண்மையின் இரு பரிமாணங்கள் என்று எழுதியிருக்கிறார். இறை இரக்கத்தைப் பற்றியே 1980இல் சுற்றுமடல் வெளியிட்ட திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மன்னிப்பு என்பது தீமையைக் கண்டும் காணாமல் விடுவதாகாது என்றும், இழைத்த தீங்குக்கு ஈடு செய்வது மன்னிப்பின் நிபந்தனை என்றும் தெளிவாகச் சொன்னார். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலின் 1459ஆம் எண்ணும் இதையே கற்பிக்கிறது: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் பாவம் விளைவித்த சீர்கேடுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடுவதில்லை, ஆகவே திருடிய பொருளைத் திருப்பித் தரவும், அவதூறால் கெடுத்த பெயரை மீட்டுத் தரவும் பாவி கடமைப்பட்டிருக்கிறான்.

நம் பாட்டிமார் மனப்பாடம் செய்த பழைய ஞானோபதேசம் என்ற மறைக்கல்விப் பாடத்தில்கூட, நல்ல பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, குருவானவர் பாவப் பரிகாரமாகக் கட்டளையிட்ட அபராதத்தைத் தீர்ப்பதோடுதான் நிறைவு பெற்றது. இன்று அந்த அபராதம் பெரும்பாலும் சில செபங்களோடு முடிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி எழுவதே அரிது.

லூக்கா நற்செய்தியில் வரிதண்டுவோர் தலைவரான சக்கேயுவை எவரும் மிரட்டவில்லை. இயேசுவே அவர் வீட்டில் தங்க முன்வருகிறார். இரக்கம்தான் முதலில் வருகிறது. அந்த இரக்கத்தால் தொடப்பட்ட சக்கேயு, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் தானாகவே சொல்கிறார். அதைக் கேட்ட பிறகே, இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்கிறார் ஆண்டவர். ஊதாரி மகன் உவமையிலும் திரும்பி வந்த இளையவனைக் கட்டித் தழுவும் தந்தை, மூத்தவனிடம் ‘என்னுடையதெல்லாம் உன்னுடையதே’ என்று உறுதி கூறுகிறார். இளையவனுக்குக் காட்டிய இரக்கம் மூத்தவனின் உரிமையைப் பறிக்கவில்லை. இந்த வரியை விளக்கும் மறையுரையைக் கேட்க நான் ஏங்குகிறேன்.

தமிழகத் திருஅவையில் இது ஏட்டளவிலான விவாதம் அன்று. 1982இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்றும் அது கிறிஸ்தவத்தையே மறுப்பதாகும் என்றும் அறிவித்தது. அதே திருச்சியின் மேலப்புதூர்க் கல்லறையில், இறந்தவர்களையும் சாதியால் பிரிக்கும் சுவர் அந்த அறிவிப்புக்குப் பின்னும் நின்றது. 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் அதே பேரவை சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்றது. பாவம் என்று அறிக்கையிட்டாயிற்று. ஈடு செய்வது எங்கே? தனிக் கல்லறையையும், தங்கள் தெருவுக்கு வராத தேர்ப்பவனியையும் தலைமுறைகளாகச் சகித்த மக்களிடம், அவற்றைச் சரிசெய்யாமலே ‘மன்னித்து மறந்துவிடுங்கள்’ என்று போதிப்பது, தீங்கு செய்தவரின் பாரத்தைத் தீங்குக்கு ஆளானவரின் தலையில் ஏற்றுவதாகும். அதற்கு இறை இரக்கம் என்று பெயரிட நமக்கு உரிமையில்லை.

தண்டனையை விரும்பி நான் இதை எழுதவில்லை. பிறர் உரிமையைப் பறித்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரும் விடுதலை பெறுகிறார். அவருக்கும் அதுவே இரக்கம். எனவே, தவக்கால ஒப்புரவு வழிபாடுகளில் நடைபெறும் ஆன்ம சோதனையில் ‘நான் யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டும்?’ என்ற கேள்வியையும் சேர்க்குமாறு பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறேன். 2016ஆம் ஆண்டுக் கொள்கையில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்பதை ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆண்டுதோறும் மக்கள் முன் வாசிக்குமாறு மேதகு ஆயர்களையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கத்தோலிக்க வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.