செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கிளாம்பாக்கம் முனையமும் நம் குடியிருப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றியெல்லாம் மாதக் கூட்டங்களிலேயே பேசியாகிவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது பஸ் முனையம்தான்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2023 டிசம்பர் 30 அன்று முதலமைச்சர் திறந்துவைத்த கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 88.52 ஏக்கரில் இருக்கிறது. இதற்கு முன் வெளியூர் பஸ்கள் புறப்பட்ட கோயம்பேடு பஸ் நிலையம் சுமார் 37 ஏக்கர்தான். 393.74 கோடி ரூபாய் செலவில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கட்டியது. ஒரு நாளைக்கு 2,310 பஸ்கள், ஒரு லட்சம் பயணிகள் என்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்ட இடம் இது. தென்மாவட்ட அரசு பஸ்கள் 2024 ஜனவரி முடிவதற்குள் இங்கே மாறிவிட்டன. ஆம்னி பஸ்களும் ஜனவரி 24 முதல் இங்கிருந்துதான் என்று உத்தரவானது. பிறகு உயர் நீதிமன்றம் போரூரிலும் சூரப்பட்டிலும் பயணிகளை ஏற்றிக்கொள்ள இடைக்கால அனுமதி தந்தது.

கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம், காற்றோட்டமான உயரமான கூடம், பாலூட்டும் அறை, முதியோருக்குப் பேட்டரி கார் எல்லாம் இருக்கின்றன. மாநகர பஸ்களுக்கு முன்பக்கம் தனி நிலையம். வளாகத்தில் ஒரு பகுதி தொல்லியல் பாதுகாப்பு எல்லைக்குள் வருவதால் அங்கே கட்டடம் எழுப்பாமல் பூங்காவாக விட்டிருக்கிறார்கள். காலை நடைக்குப் போகும் நம் பெரியவர்கள் முனையத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது அந்தப் பூங்காவுக்காகத்தான்.

சங்கடம் வாசலைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது. விடியற்காலையில் மதுரைப் பக்கமிருந்து வந்திறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா தலையில் அரிசி மூட்டை, அம்மா இடுப்பில் தூங்கும் பிள்ளை, கையில் முருங்கைக்காய் கட்டிய பை. மின்சார ரயில் பிடிக்க வேண்டும். ரயில் பாதையோ முனையத்துக்கு முன்னால் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓடுகிறது, நிற்கத்தான் இடமில்லை. ஊரப்பாக்கம் அல்லது வண்டலூர் நிலையத்துக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் மாநகர பஸ் கிடைத்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் ஆட்டோக்காரர் கேட்பதுதான் கட்டணம். மீட்டர் என்ற பேச்சே கிடையாது. அதுவும் கட்டுப்படியாகாதவர்கள் மூட்டையோடு மீடியனை ஏறிக் குதிக்கிறார்கள், எதிரே லாரி வருகிறதா என்று பார்த்தபடி.

வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே கிளாம்பாக்கம் ரயில் நிலையம் கட்ட சி.எம்.டி.ஏ. ரயில்வேயிடம் 20 கோடி ரூபாய் செலுத்தியிருக்கிறது. முனையம் திறந்த பிறகே, 2024இல் வேலை தொடங்கியது. நிலையத்திலிருந்து சாலைக்கு மேலாக முனையத்துக்குள் வர சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதையும் வர வேண்டும். இந்த அறிக்கையை எழுதும் மார்ச் இறுதியில் இரண்டுமே பயன்பாட்டுக்கு வரவில்லை. கிட்டத்தட்ட 394 கோடி ரூபாய்க் கட்டடம் 20 கோடி ரூபாய் நிலையத்துக்காகக் காத்திருக்கிறது. வரிசையை மாற்றிச் செய்திருக்கலாம் என்பதுதான் நம் சங்கத்தின் கருத்து. மார்ச் மாத மாநில பட்ஜெட்டில் விமான நிலையம் முதல் கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ. மெட்ரோவுக்கு 9,335 கோடி ரூபாய்த் திட்டம் பேசப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் கோயம்பேடு பஸ் நிலையம் திறந்தது 2002இல். அதன் வாசலுக்கு மெட்ரோ வந்தது 2015இல். மெட்ரோவைக் காட்டி ரயில் நிலையத்தை ஆறப் போட்டுவிடக் கூடாது.

தீபாவளி நம் வாதத்தை நமக்காகவே நிரூபித்துக் கொடுத்தது. தொடர் விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய கூட்டத்துக்காக நவம்பர் 4 அதிகாலை காட்டாங்கொளத்தூரிலிருந்து தாம்பரத்துக்குச் சிறப்பு மின்சார ரயில்கள் விட்டார்கள். முனையத்தின் கூட்டத்தைச் சுமக்க ரயிலால்தான் முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நம் மனுவில் இதையே முதல் பத்தியாகச் சேர்த்தோம். மூன்று கோரிக்கைகள் வைத்தோம்: ரயில் நிலைய வேலையை விரைவுபடுத்துவது, அதுவரை விடியற்காலையில் ஊரப்பாக்கம் நிலையத்துக்குக் கூடுதல் இணைப்பு பஸ், சாலையைக் கடக்குமிடத்தில் இரவிலும் போக்குவரத்துக் காவலர். மனு கொடுத்த அலுவலகங்களில் ஒன்று, "தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதியது. அந்த உரிய பிரிவு, மனுவைத் திரும்ப முதல் அலுவலகத்துக்கே அனுப்பியதாக எழுதியது. இரண்டு கடிதங்களையும் கோப்பில் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.

நம் தெருக்களில் வண்டி நிறுத்தும் தொல்லை பற்றி: முனையத்தில் கட்டணம் கட்ட மனமில்லாதவர்கள் பைக்கை நம் வீட்டு வாசல்களில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாவது தெருவில் தீபாவளிக்கு விட்டுப்போன ஒரு ஸ்கூட்டரின் கால்வைக்கும் பலகையில் பூனை குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்த பிறகுதான் சொந்தக்காரர் வந்தார். "வெளியார் வண்டி நிறுத்தக் கூடாது" என்று பலகை வைத்திருக்கிறோம். பலகைக்கு அடியிலேயே நிறுத்துகிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வாடகை உயர்வு குறித்துத் தீர்மானம் போட வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் ஒரே சங்கத்தில் இருப்பதால் செயற்குழு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

வரும் ஆண்டில் புதிய மினி பஸ் திட்டத்தின் கீழ் ஊரப்பாக்கம் நிலையம், நம் நகர், முனையம் மூன்றையும் தொடும் தடம் ஒன்றைக் கேட்டு மனு தர இருக்கிறோம். கையெழுத்துத் தாள் நுழைவாயில் மேசையில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் கையெழுத்துப் போடலாம். ஆனால் பக்கத்து நாற்காலியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்