த்ரெட்டை மொழி அறிந்திருக்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

பழைய நிரல்மொழிகளில் த்ரெட் வசதியே, அதாவது ஒரே நிரலின் பல பகுதிகளை ஒருசேர ஓடவிடும் வசதியே கிடையாது, ஜாவா வந்த பிறகுதான் அது கிடைத்தது என்று சென்ற வாரம் தொலைபேசியில் நீ சொன்னாய். உன் தலைமுறையில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐபிஎம் 1960களில் கொண்டுவந்த பிஎல்/1 மொழியிலேயே, கால் வாக்கியத்தோடு டாஸ்க் என்று சேர்த்து எழுதினால், அழைக்கப்பட்ட துணைநிரல் தனியாக ஓடத் தொடங்கும். ஒருசேர ஓடும் பகுதிகளை ஒன்றுக்கொன்று காத்திருக்கச் செய்யும் செமாஃபோர், அல்கால் 68இல் மொழிக்குள்ளேயே இருந்தது.

ஆனால் நீ ஊன்றிப் படிக்க வேண்டியது ஏடா மொழியின் 1983ஆம் ஆண்டுத் தர ஆவணம். அதன் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் டாஸ்க்கை, அதாவது ஏடாவின் த்ரெட்டைப் பற்றியதே. ஒரு டாஸ்க் இன்னொன்றின் என்ட்ரியை (வெளியிலிருந்து அழைப்பதற்கான வாயிலை) அழைத்தால், அந்த மற்றது அழைப்பை ஏற்கும் தன் அக்செப்ட் வாக்கியத்துக்கு வந்து சேரும்வரை அழைத்தது காத்து நிற்கும். அக்செப்ட் முந்திக்கொண்டால் அது காத்து நிற்கும். இரண்டும் சந்தித்த பிறகே தரவு கைமாறும். ஒரு பிளாக்குக்குள் (நிரலின் ஒரு பகுதிக்குள்) அறிவித்த டாஸ்க்குகள் முடியாமல் அந்த பிளாக்கை விட்டு நிரல் வெளியேறவும் முடியாது. இன்றைய மொழிகளில் புதுமை என்று நீங்கள் வரவேற்கும் ஒழுங்கு அப்போதே அதில் எழுதப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது, பல டாஸ்க்குகள் பகிரும் பொது மாறிகளைப் பற்றி அந்த அத்தியாயம் சொல்லும் விதியை. டாஸ்க்குகள் சந்திப்பது போன்ற இரண்டு ஒத்திசைவுப் புள்ளிகளுக்கு இடையே ஒரு மாறியின் மதிப்பைக் கம்பைலர் (நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) நினைவகத்தில் எழுதாமல் செயலியின் ரிஜிஸ்டரிலேயே வைத்துக்கொள்ளலாம்; ஆகவே அந்த இடைவெளியில் ஒரு டாஸ்க் படிக்கும் மாறியை இன்னொரு டாஸ்க் மாற்றக் கூடாது. நிரலர் எதை நம்பலாம், கம்பைலர் எதைச் செய்யலாம் என்ற உடன்படிக்கை அது.

சி மொழியின் தரத்தில் 2011 வரை அத்தகைய உடன்படிக்கை இல்லை. 1995இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தில் த்ரெட் வந்தபோதும் அது நூலகமாகவே வந்தது; கம்பைலருக்கு அதைப் பற்றித் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. இதன் விளைவைத் தொடக்ககால ஆல்ஃபா செயலிகளில் தெளிவாகக் காணலாம். ஒற்றை பைட்டை மட்டும் நினைவகத்தில் எழுதும் ஆணை அவற்றில் இல்லாததால், ஒரு ஸ்ட்ரக்சரில் (பல தரவுகளின் தொகுப்பில்) ஒரு பைட்டை மாற்றுவதற்குக் கூடக் கம்பைலர் அதைச் சூழ்ந்த முழு வேர்டையும் (பல பைட்டுகள் சேர்ந்த தொகுதியையும்) படித்து, திருத்தி, திரும்ப எழுதும். அந்த நொடியில் பக்கத்து பைட்டை இன்னொரு த்ரெட் மாற்றியிருந்தால், அந்த மாற்றம் சுவடின்றி அழிந்துபோகும். இரண்டு த்ரெட்டுகளும் தத்தம் பைட்டை மட்டுமே தொட்டன. நிரலில் பிழை என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது. த்ரெட்டை வெறும் நூலகமாகச் சேர்த்தால் போதாது என்று கணினி அறிஞர் ஹான்ஸ் போம் 2005இல் ஆய்வுக் கட்டுரை எழுதி நிறுவியது இதனால்தான்.

ஏடாவிலும் குறை இருந்தது. ஒரு சிறு பொதுத் தரவைக் காப்பதற்கே தனி டாஸ்க் ஒன்றை ஓடவிட வேண்டியிருந்தது வீண்செலவு. ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டுமே தன் தரவை மாற்ற விடும் புரொடெக்டட் ஆப்ஜெக்ட் 1995இல் வந்து அதைத் தீர்த்தது. பிழை நேர்ந்தால் உயிருக்கு ஆபத்தாகும் அமைப்புகளுக்காக 1997இல் ஏடாவுக்கு வகுக்கப்பட்ட ரேவன்ஸ்கார் வரையறை, டாஸ்க்குகளுக்கு இடையிலான அந்தச் சந்திப்பையே விலக்கிவிட்டது. நேரக் கணிப்பு துல்லியமாக இருக்க வேண்டிய இடத்தில் அது சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

உன் குழுவின் சி நிரலில் பிட்ஃபீல்டுகள் (ஸ்ட்ரக்சரில் சில பிட்டுகளை மட்டும் எடுக்கும் உறுப்புகள்) இருக்கின்றனவா என்று பார். அடுத்தடுத்த பிட்ஃபீல்டுகளை 2011ஆம் ஆண்டுத் தரமும் ஒரே நினைவிடமாகவே கொள்கிறது. ஆகவே அவற்றை வெவ்வேறு த்ரெட்டுகள் மாற்றுமானால், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டான மியூடெக்ஸ் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
அப்பா