பின்சீட்டு வாழைத்தாரும் உன் போர்ஷேவும்

மதுரை,
ஞாயித்துக்கெழமை ராத்திரி

மாப்ள,

போர்ஷே கார்ல 911 எடுக்கவா, கேமன் எடுக்கவான்னு ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல உக்காந்துக்கிட்டு, பைபாஸ் ரோட்டுல டயர் கடை வச்சிருக்கிறவன்கிட்ட கேக்குற. போர்ஷே கம்பெனியே உன் ஊர்லதான்டா இருக்கு! சரி, கேட்டுட்ட. சொல்றேன்.

மொதல்ல வீட்டு விசயம். அம்மாவைப் போய்ப் பாத்தேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லாருக்காங்க. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்குப் போட மாட்டேங்குறாங்க, நீ போன்ல ஒரு சத்தம் போடு.

போன டிசம்பர்ல உன் தம்பி ஸ்விஃப்ட்ல சிறுமலை போனோம்ல? திண்டுக்கல் வரைக்கும் நாலுவழிச் சாலை, நீ எண்பதைத் தாண்டல. லாரியெல்லாம் நம்மள முந்திப் போச்சு. கொட்டாவி வேற விட்ட. மொத கொண்டை ஊசி வளைவு வந்ததும் ஆளே மாறிட்ட. முதுகு நிமிந்துருச்சு. மூணுலருந்து ரெண்டுக்குக் கியர் விழுந்ததே எனக்குத் தெரியல. பதினெட்டு வளைவும் உனக்குப் பத்தல.

எறங்கும்போது பின்சீட்டுல ஒரு தார் மலைவாழை வச்சிருந்தோம், ஞாபகம் இருக்கா? வளைவுக்குள்ள போன பெறகு, நட்டநடுவுல, அந்தத் தார் என் சீட்டு முதுகுல டொக்குன்னு இடிக்கும். பிரேக் போடுற எடத்துல இடிச்சா நியாயம். நடுவுல ஏன்? உன் காலைக் கவனிச்சேன். வளைவு நெனச்சதவிட இறுக்கமா இருந்தா ஆக்சிலேட்டர்லருந்து பொசுக்குன்னு காலை எடுத்துர்ற. எடுத்ததும் கனம் முன்னால சாயுது, பின்டயருக்கு ரோட்டுப் பிடி கொறயுது. ஸ்விஃப்ட்ல எஞ்சினும் முன்னால, இழுக்குறதும் முன்சக்கரம். அதனால மூக்கை லேசா உள்ள திருப்பிட்டு உன்னய மன்னிச்சு விட்டுருச்சு.

இப்ப 911-க்கு வா. 1963-ல ஜனங்க கண்ணுல காட்டுன நாள்லருந்து அதுக்கு எஞ்சின் பின்அச்சுக்கும் பின்னாலதான். நாம சைக்கிள் கேரியர்ல ரேஷன் அரிசி மூட்டையக் கட்டிட்டு வருவோமே, அதே கதை. நேரா மிதிச்சா ஒரு கொறையும் இல்ல. திருப்பத்துல தயங்குனா மூட்டை நம்மளத் தள்ளிட்டு வெளிய போகப் பாக்கும். கேமன்ல எஞ்சின் உன் சீட்டுக்குப் பின்னால, ஆனா அச்சுக்கு முன்னால. மூட்டையச் சைக்கிள் பாருக்கு நடுவுல சொருகுன மாதிரி. ஸ்டியரிங்கைத் திருப்புனா மொத்த வண்டியும் ஒண்ணாத் திரும்பும். எல்லை மீறுனா அதுவும் சட்டுனு சுத்திரும், ஏமாந்துராத. ஆனா உன் கால் பண்ற தப்பை அது ரொம்பவே பொறுத்துக்கும்.

911-ஐக் கொறை சொல்லல. இப்ப வர்றதுல பின்டயர் அகலம், தப்பிச்சாலும் எலக்ட்ரானிக்ஸ் புடிச்சுரும், அந்தக் காலத்துப் பயமெல்லாம் இல்ல. ஆனா அதை ருசிச்சு ஓட்ட ஒரு பழக்கம் வேணும். வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சுட்டு, திருப்பி, மத்தவன் யோசிக்கிற நேரத்துல மிதிக்கணும். பின்னால கனம் இருக்கிறதால டயர் வழுக்காம அப்படியே உந்திட்டுக் கெளம்பும், அந்த விசயத்துல அதை அடிச்சுக்க முடியாது. நீ அப்படி ஓட்டுறவன் இல்லடா. பதினேழு வயசுலருந்து பக்கத்து சீட்டுல உக்காந்து பாத்துட்டு வர்றேன்.

உங்க ஊரு நெடுஞ்சாலை ஆட்டோபான்னு ஆரம்பிக்காத. வேக வரம்பு இல்லாத எடத்துல 911 ராஜாதான், ஒத்துக்கிறேன். நேர் ரோட்டுல கொட்டாவி விடுறவனுக்கு அது எதுக்கு? நீ ஆசையா எழுதுறதெல்லாம் பாடன்-பாடன்லருந்து போற அந்த பி500 மலைப்பாதையைப் பத்தித்தான. அப்புறம், பாப்பாவுக்குப் பின்சீட்டு வேணும், அது 911-லதான் இருக்கு, கேமன்ல இல்லன்னு எழுதிருக்க. அது உன் மனசாட்சிக்குப் போட்ட சீட்டு. வீட்டுல ஸ்கோடா நிக்குதுல்ல?

நீ பாத்து வச்சிருக்கிற 911 கரேரால எட்டு கியர் ஆட்டோமேட்டிக், உன் கைக்கு வேலையே இல்ல. கேமன் ஜிடிஎஸ் 4.0-ல டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 400 குதிரை, கையால போடுற ஆறு கியர். ஒரே கொறை, கியர் ஒவ்வொண்ணும் ரொம்ப நீளம். ரெண்டாவதுலயே 120-ஐத் தாண்டிரும். உங்க ஊருல டவுனைத் தாண்டுன ரோட்டுக்கு வரம்பு 100 தான. மூணாவது கியருக்கு வேலையே வராம வீடு வந்து சேந்துருவ. அது உனக்கு எரிச்சலாத்தான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்.

ரெண்டுல எதை எடுத்தாலும் டயரைப் பாக்காம பணம் குடுக்காத. கெழவன் ஒருத்தன் ஷெட்டுல போட்டு வச்சிருந்த வண்டின்னா டயரு மேல பட்டன் நல்லாத்தான் தெரியும், ரப்பர் காஞ்சு கெடக்கும். பக்கச்சுவர்ல ஒரு முட்டை வடிவத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 2119-னு இருந்தா 2019-ல 21-வது வாரம் செஞ்சது. நாலு டயரையும் போட்டோ எடுத்து அனுப்பு, பின்டயரோட உள்ஓரம் தெரியுற மாதிரி.

உன் மச்சான்