ஈரல் மாற்றியவர்களுக்குக் குளிசையோடு ஒரு தமிழ்த் தாளும் தாருங்கள்

சுகாதார அமைச்சில் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அண்ணருக்கு ஈரல் மாற்றினார்கள். பழைய ஈரலைக் கெடுத்தது ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ். புது ஈரல் வந்ததோடு நோயும் தொலைந்தது என்று வெள்ளவத்தையில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க நம்பியது. ஆனால் சத்திரசிகிச்சை நேரத்தில் இரத்தத்தில் வைரஸ் இருந்தால், அநேகமாக எல்லோருக்கும் அது புது ஈரலையும் பிடித்துவிடும். மருந்து எடுக்காமல் விட்டால் 100இல் 20, 30 பேருக்கு 5 வருடத்துக்குள்ளேயே சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும்.

இந்த வைரசுக்கு முன்பு தந்த மருந்து இன்டர்பெரோன் ஊசியும் ரிபாவிரின் குளிசையும், 48 வாரம். காய்ச்சலும் இரத்தச்சோகையும் பட்டுத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இப்போது சோபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த குளிசை, நாளுக்கு ஒன்று, 12 வாரம்; 100க்கு 90 பேருக்கு மேல் குணம்.

அந்தக் குளிசை அண்ணருக்கும் கிடைத்தது. சின்னக் கடதாசி உறையில் பேனையால் சிங்களத்தில் இரண்டு சொல், அவ்வளவுதான். அதே பையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் இருந்தது. அண்ணர் இரண்டையும் காலையில் ஒன்றாகவே விழுங்கினார். வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்பட்டாஸ்விர் உடம்பில் சரியாகச் சேராது என்று எங்களுக்கு யார் சொன்னது? ‘கேஸ்’ கூடிவிட்டது என்று அண்ணர் கிளினிக்கில் புலம்பியதால்தான் ஓர் இளம் டொக்டர் பையை வாங்கிப் பார்த்தார். கடையில் வாங்கும் அமில மருந்துக்குக்கூட 4 மணி நேர இடைவெளி வேண்டுமாம்.

உடம்பு புது ஈரலை எதிர்க்காமல் இருக்கத் தரும் டக்ரோலிமஸ் மருந்தின் விஷயம் இன்னும் பொல்லாதது. வைரஸ் அடங்கி ஈரல் தேறத் தேற, அது இந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு இறங்கினால் அந்த எதிர்ப்பு தொடங்கலாம். ஆகவே உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் நாட்களில்தான் அளவு பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. நம் ஆட்களோ அப்போதுதான் கிளினிக்கை மறப்பார்கள்!

அப்புறம், குணமான பிறகும், வைரசுக்கு எதிராக உடம்பு உண்டாக்கியதைத் தேடும் அன்டிபொடி சோதனை பொசிட்டிவ் என்றுதான் காட்டும். கடைசிக் குளிசைக்கு 12 வாரம் கழித்து, வைரசையே நேராகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனையில் அது இல்லையென்றால்தான் குணம். இது தெரியாமல் தனியார் ஆய்வுகூடத் துண்டோடு அழுது கொண்டிருந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவையும் தமிழில் சொல்லும் ஒரு தாள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. சட்டம் பேச நான் வரவில்லை. குழு, கூட்டம், அறிக்கை என்று இழுக்கவும் வேண்டாம். தமிழ் தெரிந்த மருந்தாளர் ஒருவரும் ஈரல் கிளினிக் டொக்டர் ஒருவரும் ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். அச்சாகி வரும்வரை, உறையின் பின்பக்கம் கையால் எழுதித் தந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி,
வெள்ளவத்தை, கொழும்பு 06