கப்பாசிற்றருக்குக் காசைக் கொட்டுமுன்

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இசைப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிற்றாரின் ஒலியை மெருகேற்றுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். கிற்றாருக்குள் எண்ணெயில் ஊறிய காகிதக் கப்பாசிற்றரை (மின்னைத் தேக்கும் சின்னப் பாகம்) போட்டால் சத்தம் கனிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அதன் கொள்ளளவுப் பெறுமதி எவ்வளவு, எந்தப் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) என்று ஒரு வரி கூட இல்லை.

செவ்வாய் பின்னேரமே ஒரு பெடியன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். சேர்ச் பேண்டில் வாசிக்கிறவன். கையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் செய்த கிற்றார். "அங்கிள், சத்தம் போர்வைக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு. இதை வெளிநாட்டிலயிருந்து எடுப்பமா?" என்றான். டொலர் விலையில் ஒரு கப்பாசிற்றர்!

சரி, முதலில் காதால் பார்ப்போம் என்றேன். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய காகிதக் கப்பாசிற்றர் ஒன்று என் லாச்சியில் கிடந்தது. புறக்கோட்டையில் வாங்கிய பொலியெஸ்டர் ஒன்றும் இருந்தது. அளக்கும் மீற்றரில் இரண்டும் 0.047 மைக்ரோபரட்டை (கொள்ளளவின் அலகு) ஒட்டி வந்தன. பெடியனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கிளிப்பால் மாற்றி மாற்றிக் கொழுவி ஆறு தடவை வாசித்தேன். மூன்று தடவை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று படித்தோமே, அதேதான். கிற்றாருக்குள் அதன் வேலை கீச்சுச் சத்தத்தை எர்த்துக்கு வடித்துவிடுவது. எவ்வளவு வடியும் என்பதைப் பெறுமதி தீர்மானிக்கும், மேலே சுற்றியிருக்கும் காகிதம் அல்ல. அங்கே ஓடுவது ஒரு வோல்ற் அளவான சிக்னல். 600 வோல்ற் தாங்கும் பெரிய கப்பாசிற்றர் எதற்கு? டோன் குமிழை முழுக்கத் திறந்து வாசிக்கிறவருக்கு அந்தக் கப்பாசிற்றர் இருக்கிறதா இல்லையா என்பதே பெரிதாகத் தெரியாது.

அப்புறம் கிற்றாரைத் திறந்தோம். கள்ளன் வொலியூம் பொட்டில் (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறுதடையி) இருந்தான். யாரோ திருத்தும்போது கைக்கு அகப்பட்ட பி100கே, அதாவது 100 கிலோ ஓம் பொட்டைப் போட்டிருக்கிறார்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்பதுதான் வழக்கம். அதற்குக் குறைந்தால் பிக்கப்பின் கூர்மை அமுங்கிப்போகும். பி என்றால் திருகும்போது தடை நேர்கோட்டில் ஏறுவது. காதுக்கு ஒத்துவருவது ஏ. முதலாம் குறுக்குத் தெருவில் மூன்று ஏ250கே வாங்கி வந்து அளந்தேன்: 212, 238, 281. இருபது சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். கூடியதை வொலியூமுக்குப் போட்டேன். போர்வை விலகியது. செலவு ஒரு சோற்றுப் பார்சலுக்குள் அடங்கியது.

கட்டுரையாளர் சொன்ன ஒன்று சரி. வொலியூமைக் குறைத்தால் சத்தம் மங்குவதைத் தடுக்க, பொட்டின் இரண்டு காலுக்கு நடுவே சின்னக் கப்பாசிற்றர் வைப்பது நல்ல யோசனை. 1000 பைக்கோபரட்டும் (மைக்ரோபரட்டின் பத்து லட்சத்தில் ஒன்று ஒரு பைக்கோபரட்) அதோடு பக்கத்தில் 150 கிலோ ஓம் தடையியும் எனக்குச் சரிவந்தன. ஆனால் கேபிளை மறந்துவிட்டார். கேபிளே ஒரு கப்பாசிற்றர்தான். சாதாரண வகையில் மீற்றருக்கு 100 பைக்கோபரட் அளவில் இருக்கும். ஆறு மீற்றர் கேபிளை மூன்றாகக் குறைத்துப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

இரைச்சலுக்கும் கப்பாசிற்றர் மருந்தல்ல. ஒற்றைச் சுருள் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலைப் பிடிக்கத்தான் செய்யும். உட்குழியில் செம்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் கொஞ்சம் அடங்கும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கேபிள் செருகும் ஜாக்கையும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும்.

அடுத்த இதழில் பெறுமதிகளைச் சின்னப் பெட்டியாகப் போடுவீர்களா? கப்பாசிற்றரில் 473 என்று அச்சிட்டிருந்தால் 0.047 மைக்ரோபரட், 223 என்றால் 0.022 மைக்ரோபரட், 102 என்றால் 1000 பைக்கோபரட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெடியனுக்கு உங்கள் கட்டுரையின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கிற்றார் திருத்தும் ஒரு வாசகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13